தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகள்

ஈரோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதியில் நர்ஸாக இருக்கிறேன். கீழ்த்தளத்தில் மூன்று கட்டில், ஒரு மேசை, ஒரு பீரோ நிறைய மருந்து. இதுதான் எங்கள் சிக் ரூம். சாதாரண நாட்களில் தலைவலி, மாதவிடாய் வலி, பரீட்சைக்கு முந்தின நாள் வரும் வயிற்றுக் கலக்கம் என்று ஏதோ நாலைந்து பேர் வருவார்கள். தீபாவளி லீவு முடிந்து விடுதி திறக்கும் நாளில் மட்டும் வாசல் வரைக்கும் வரிசை நிற்கும். பொங்கல் முடிந்தும் அப்படித்தான், என்ன, கூட்டம் கொஞ்சம் குறைவு.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் சொல்லும் காரணம் ஒன்றுதான். “ஊர்ல பலகாரம் ஜாஸ்தியாயிருச்சு சிஸ்டர்.” கேட்டுக்கொண்டே பி.பி. பார்ப்பேன். பிறகு, “நேத்து எத்தனை மணிக்குத் தூங்குன கண்ணு? எத்தனை மணிக்கு எந்திரிச்ச?” என்று கேட்டால் பதில் சட்டென்று வராது. பக்கத்தில் நிற்கும் தோழிதான் சிரிப்பாள். ராத்திரி மூன்று மணி வரை போன், காலையில் பதினோரு மணிக்கு எழுந்து நேராக மதியச் சாப்பாடு, லீவு முழுக்க இப்படி. கடைசி நாள் ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்து, காலை எட்டே முக்காலுக்கு முதல் வகுப்பு. தலை சுற்றாமல் என்ன செய்யும்? அதிரசத்தின் மேல் பழி போடுவது சுலபம், அது திருப்பிப் பேசாது.

இத்தனை வருடம் இந்த வரிசையைப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது, லீவில் பிள்ளைகளின் உடம்பை முதலில் கெடுப்பது தூக்கம் தலைகீழாவதுதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வருகிறது. நேரம் தவறித் தூங்குகிறவர்களுக்கு நேரத்துக்குப் பசிக்காது. பசிக்காதபோது முறுக்கும் மிக்சரும்தான் கைக்கு வரும். காலையில் வயிறு சரியாகப் போகாது. மதியம் எரிச்சல், சாயங்காலம் அம்மாவோடு சண்டை.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரைக்கும் ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. விடுதியில் இது யாருக்கும் கிடைப்பதில்லை. அதனால் வீட்டுக்குப் போனதும் முதல் இரண்டு நாள் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவதில் தப்பே இல்லை, அது பழைய பாக்கி. “பாவம், புள்ள ஹாஸ்டல்ல தூக்கமே இல்லாம கெடந்திருக்கா” என்று அம்மா எழுப்பாமல் விடுவதும் சரிதான். மூன்றாம் நாளும் அதே கதை நடக்கும்போதுதான் சிக்கல். நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் காலை வெளிச்சம் கண்ணில் படுவதை வைத்துத்தான் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பகல் பதினோரு மணி வரை படுத்திருந்தால், அன்று ராத்திரி தூக்கம் தானாகத் தள்ளிப் போகும். தூக்கம் வராததால் போன், போன் வெளிச்சத்தால் இன்னும் தள்ளிப் போகும்.

இதற்கு, “பத்து மணிக்குப் படு” என்று சொல்லிப் பயனில்லை. வராத தூக்கத்தை யார் வரவழைப்பது? நான் சொல்வது எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லித்தான். விடுதியில் ஆறரைக்கு எழுகிறவள் வீட்டில் ஏழரைக்கு எழட்டும். ஒரு மணி நேரம் முன்னே பின்னே போகலாம், அதற்கு மேல் வேண்டாம். எழுந்ததும் வாசலுக்கோ மாடிக்கோ வந்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மதியம் தூங்கியே ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரம்.

சொல்வது சுலபம், யார் எழுவது? கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண் ஒருத்தி இதற்கு நல்ல வழி கண்டுபிடித்தாள். வீட்டில் மாடு இருக்கிறது. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் வேலையை லீவு முடியும் வரைக்கும் அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுத் தூங்கலாம். பால் வண்டி காத்திருக்காது. எழுந்தே ஆக வேண்டும், நடந்தே ஆக வேண்டும், வெளிச்சமும் தானாக மேலே படும். அப்பாவுக்கும் இரண்டு நாள் ஓய்வு. அதிலிருந்து எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். காலையில் நீ செய்யாவிட்டால் வீடு நின்றுபோகும் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள். பால் வாங்கப் போவது, கோலம் போடுவது, தம்பியை டியூஷனுக்குக் கொண்டு விடுவது, எதுவாக இருந்தாலும் சரி. லீவுக்கென்று போனில் ‘30 நாள் சவால்’ இறக்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் இரண்டாம் நாளே அதை மறந்துவிடுவார்கள். வீட்டுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையில் தொற்றிக்கொள்வதுதான் நிற்கிறது.

தீபாவளியே இதற்கு ஒரு வாய்ப்புத் தருகிறது. அன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தே ஆக வேண்டும், யாரும் விட மாட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் தூங்கக் கூடாது என்று பாட்டிமார் விரட்டுவார்கள். காரணம் அவர்கள் சொல்வது வேறாக இருக்கலாம், பலன் எனக்கு வேண்டியதுதான். அன்று ராத்திரி பத்து மணிக்குக் கண் தானாக இழுக்கும். தாறுமாறான தூக்கத்தை நேராக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அன்றைக்கும் ராத்திரி உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்தால் அவ்வளவுதான்.

காபியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடித்த காபியில் இருக்கும் கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில்தான் இருக்கும். பண்டிகை நாளில் ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டிலும் ஒரு டம்ளர். வேண்டாமென்றால் கோவித்துக்கொள்வார்கள். மோர் கேளுங்கள். கேட்டுக் குடித்தால் யாரும் கோவித்துக்கொள்வதில்லை.

அடுத்தது பயணம். இதில் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. லீவு முடிந்து வரும் வரிசையில் நீர்க்கடுப்போடு வரும் பெண்கள் எப்போதும் இருப்பார்கள். தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வருகிறவர்கள். சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வழியில் பஸ் நிற்கும் ஓட்டலின் கழிப்பறை அப்படி. வந்தால் அடக்கிக்கொள்வார்கள். டிரைவரிடம் “அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க” என்று கேட்கக் கூச்சம். மறுநாள் எரிச்சல், அடிவயிற்று வலி, சிலருக்குக் குளிர் காய்ச்சல். இதைப் பார்லித் தண்ணீரும் இளநீரும் குடித்தே சரிசெய்துவிடலாம் என்று இருந்துவிடக் கூடாது. காய்ச்சலோ முதுகின் பக்கவாட்டில் வலியோ சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

முடிந்தால் ரயிலில் வாருங்கள், கழிப்பறையாவது பெட்டிக்குள்ளேயே இருக்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. காலண்டர் பார்த்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், பண்டிகை டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பஸ்தான் என்றால், ஏறுவதற்கு முன்பு பஸ் நிலையத்தில் போய்விட்டு ஏறுங்கள். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நாலு பேர் உங்களோடு இறங்குவார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அறிவுரை சொல்ல எனக்கு விருப்பமில்லை. சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தீபாவளியன்று அந்தக் கணக்கு காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். வருடத்தில் ஒரு நாள், சாப்பிடட்டும். அடுத்த பத்து நாளும் டப்பாவைத் திறந்து திறந்து சாப்பிடுவதுதான் கணக்கில் வரும். இனிப்பைக் காலை உணவுக்குப் பதிலாகச் சாப்பிடாமல், இட்லி சாப்பிட்ட பிறகு சாப்பிட்டாலே பாதி தொல்லை இல்லை. லேகியமும் அப்படித்தான். சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் போட்டுக் கிளறியது, நெல்லிக்காய் அளவு போதும். ருசியாக இருக்கிறதே என்று கரண்டியால் எடுத்துத் தின்றுவிட்டு நெஞ்செரிச்சல் என்று வந்தவர்கள் உண்டு.

வயிற்றுப்போக்கு வருவது பெரும்பாலும் பலகாரத்தால் இல்லை, கறிக்குழம்பால். காலையில் வைத்த குழம்பு, ஃப்ரிட்ஜில் அதிரசத் தட்டும் பால் பாத்திரமும் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் மறுநாள் மதியம் வரை அடுப்படியிலேயே இருக்கும். லேசாகச் சூடு காட்டிவிட்டு ஊற்றுவார்கள். ஃப்ரிட்ஜில் குழம்புக்கு இடம் கொடுங்கள், முறுக்கு வெளியே இருக்கலாம். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் தூவிக் குடிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் இருந்தால்தான் அது வேலை செய்யும். டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

இனி காய்ச்சல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை நமக்கு மழைக்காலம், டெங்குவுக்கும் அதுதான் காலம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். சாக்கடையைவிட நல்ல தண்ணீரைத்தான் தேடும். ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மூடாத சிமென்ட் தொட்டி, மாடியில் கிடக்கும் பழைய டயர், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு எல்லாம் அதற்கு வீடுதான். லீவில் பகலெல்லாம் படுத்துத் தூங்குகிறவர்களுக்குக் கொசுவலை கட்ட வேண்டுமென்று தோன்றாது. ஊரில் கடிபட்டுவிட்டு இங்கே வந்த பிறகு காய்ச்சல் தொடங்கும்.

காய்ச்சல் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைப் போனில் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான், எந்த ரத்தப் பரிசோதனை செய்வது என்பதே எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தது. பாராசிட்டமால் மட்டும் போதும், அதுவும் சொன்ன அளவில். உடம்பு வலிக்கிறதே என்று புரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் எதையும் தொடக் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்தை அவை கூட்டும். “ஒரு ஊசி போட்டா நின்னுரும்” என்று ஊரில் யாராவது கூட்டிப் போனால், என்ன ஊசி என்று கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், டெங்குவில் ஆபத்து காய்ச்சல் இறங்கும்போதுதான் வரும், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். காய்ச்சல் விட்டுவிட்டது, சரியாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறுவது அந்த நேரத்தில்தான். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு, கைகால் சில்லிட்டுப் போவது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான். நிலவேம்புக் குடிநீர் கொடுத்தால் குடியுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அது ரத்தப் பரிசோதனையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சலோடு இருப்பவர்கள் வருகைப் பதிவுக்குப் பயந்து கிளம்பி வர வேண்டாம். இதை நான் கல்லூரி நிர்வாகத்திடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். 75 சதவீதக் கணக்கு உடம்பு தேறியதும் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டாசு பற்றிச் சுருக்கமாக. 2018-லிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். நடைமுறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் தினசரி இன்ஹேலரை லீவில் நிறுத்தவே கூடாது. அவசரத்துக்கு எடுக்கும் இன்ஹேலர் புதுத்துணிப் பையில் இருக்க வேண்டும், ஹாஸ்டல் அலமாரியில் இருந்து பயனில்லை. தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பேஸ்ட், ஐஸ், மாவு எதுவும் வேண்டாம்.

பெண்கள் விடுதி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பண்டிகையோ கோயில் பயணமோ வரும்போது மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நேராக மாத்திரை வாங்குகிறார்கள். சில வீடுகளில் அம்மாவே வாங்கிக் கொடுக்கிறார். அது ஹார்மோன் மாத்திரை. கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், தங்களுக்கோ குடும்பத்திலோ ரத்தம் உறையும் பிரச்சினை இருப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் எல்லோரும் அதைத் தாங்களாகப் போடக் கூடாது. மற்றவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். அதற்கு முன், அந்த நாளில் வீட்டில் தீபம் ஏற்றாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று அம்மாவோடு உட்கார்ந்து ஒரு தடவை பேசிப் பாருங்கள். சில அம்மாக்கள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் ஒத்துக்கொள்கிறார்கள்.

லீவு முடிவதற்கு முன்பே விடுதிக்கு வந்துவிடும் பிள்ளைகள் உண்டு. மெஸ்கூடத் திறந்திருக்காது. கேட்டால், “சும்மாதான் சிஸ்டர், படிக்கணும்.” பக்கத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் வரும். ஒருத்திக்கு, ஒவ்வொரு பெரியப்பாவும் அத்தையும் கேட்கும் “எத்தனை அரியர்?” கேள்வி. இன்னொருத்திக்கு கேம்பஸ் வேலை. இன்னொருத்திக்கு உடம்பு. “ஹாஸ்டல் சோறு நல்லா ஒட்டியிருக்கு போல” என்று கூடம் நிறைய ஆட்களுக்கு நடுவில் சித்தி சொன்னது. அதற்குப் பிறகு சாப்பிடாமலே இருந்திருக்கிறாள்.

சொந்தக்காரர்களை மாற்ற முடியாது. ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே அப்பா அம்மாவிடம் ரிசல்ட்டைச் சொல்லிவிடலாம். மறைத்து வைத்திருக்கும்போதுதான் ஒவ்வொரு கேள்வியும் அடிவயிற்றைக் கலக்கும். வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். அப்புறம், “அடுத்த செம்ல எழுதறேன் பெரியப்பா” என்று ஒரே வரியை எல்லோருக்கும் சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விடலாம். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்த முதல் ராத்திரியே மார்க் பேச்சு வேண்டாம். சாப்பிடட்டும், தூங்கட்டும்.

சில வீடுகளில் விஷயம் இதைவிடக் கனமானது. பண்டிகை என்றால் அங்கே குடி. போனஸ் பணம், டாஸ்மாக், சாயங்காலம் சண்டை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு லீவு அறிவிப்பே பயம். அவர்களிடம் நேரத்துக்குத் தூங்கு என்று சொல்வதில் அர்த்தமில்லை. நான் சொல்வது வேறு. ராத்திரி தங்குவதற்குப் பாட்டி வீடு, அத்தை வீடு, தோழி வீடு என்று ஒரு இடத்தை முன்கூட்டியே பேசி வை. அடி உதை என்றால் 181 பெண்களுக்கான உதவி எண். தம்பி தங்கைக்கு ஆபத்து என்றால் 1098. மனசு தாங்கவில்லை, ஏதாவது செய்துகொள்ளலாம் போலிருக்கிறது என்றால் 14416. நடு ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. இந்த மூன்றையும் லீவுக்கு முந்தின வாரம் சிக் ரூம் கதவில் எழுதி ஒட்டுவேன். யாரும் அதன் முன்னால் நின்று படிப்பதில்லை, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது போதும்.

படிப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து புத்தகம் எடுத்துப் போனால் ஐந்தும் திறக்காமல் திரும்பி வரும், தோள்வலிதான் மிச்சம். செமஸ்டர் நெருங்கும் தீபாவளி லீவு என்றால் ஒரு பாடம் மட்டும் எடுத்துப் போய், காலை வேலை முடிந்த கையோடு ஒரு மணி நேரம் உட்காரலாம்.

பொங்கல் லீவை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பரீட்சை முடிந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், பனங்கிழங்கும் மொச்சையும் சர்க்கரைவள்ளியும் வீட்டிலேயே வேகும். வயிற்றுக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. அந்த லீவில் என் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்புகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு பேரும் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு வர வேண்டும். அங்கே காசு வாங்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, வகுப்பில் கண் சொருகுகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு விடை அந்தச் சீட்டில் இருக்கும். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால், டீ காபிக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். எண் ஏறிய பிறகும் டாக்டர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. மாத்திரை போடும் நாட்களில் மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம். அதற்காக ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்ய வேண்டாம்.